ஆற்றின் அக்கரை யாருடையது? அயர்லாந்தின் நகர எல்லைத் தகராறுகள்: ஒரு விளக்கம்

அயர்லாந்தின் தென்கிழக்கில், ஷூர் ஆற்றின் தென்கரையில் அமைந்திருக்கிறது வாட்டர்ஃபோர்டு நகரம். நகரின் ரயில் நிலையம் வடகரையில் இருக்கிறது. அந்தக் கரையில் ஃபெர்ரிபேங்க் என்ற குடியிருப்புப் பகுதி வளர்ந்திருக்கிறது. ஆனால் ஃபெர்ரிபேங்கின் ஒரு பகுதி மட்டுமே வாட்டர்ஃபோர்டு நிர்வாகத்தின் கீழ் வருகிறது. எஞ்சிய பகுதியும், ஆற்றின் போக்கில் சற்றுக் கீழே வாட்டர்ஃபோர்டு துறைமுகம் என்ற பெயரிலேயே இயங்கும் பெல்வியூ துறைமுகமும் கில்கென்னி என்னும் வேறொரு கவுண்டியை, அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தவை.

இந்த வடகரைப் பகுதியை, அங்கு வாழும் ஏறத்தாழ 5,000 மக்களோடு சேர்த்து வாட்டர்ஃபோர்டுக்கு மாற்றலாம் என்று 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான ஓர் எல்லைக் குழுவின் அறிக்கை பரிந்துரைத்தது. கில்கென்னியில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பரிந்துரை செயலுக்கு வரவில்லை. இரண்டே ஆண்டுகளுக்குப் பிறகு, 2019 மே 31 அன்று, அதே நாட்டின் கார்க் நகரம் தன் பரப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக விரித்துக்கொண்டது. அங்கே இடம் மாறிய மக்கள் ஏறத்தாழ 85,000 பேர்.

5,000 பேரை மாற்ற முடியாத ஒரு நாடு 85,000 பேரை மாற்றியது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை காண, அயர்லாந்தில் ஒரு நகரத்தின் எல்லை எதைத் தீர்மானிக்கிறது, எதைத் தீர்மானிப்பதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கவுண்டியும் நகரமும்

அயர்லாந்துத் தீவு மரபாக 32 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் 26 அயர்லாந்துக் குடியரசிலும், 6 வட அயர்லாந்திலும் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஆங்கில ஆட்சியாளர்கள் வரைந்த நிர்வாகப் பிரிவுகள். ஆனால் மக்கள் மனத்தில் அவை சொந்த ஊருக்கு அடுத்த அடையாளமாக வேரூன்றிவிட்டன.

குடியரசின் உள்ளாட்சி அமைப்பு 2014ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தால் பெரிதும் சுருக்கப்பட்டது. சிறு நகரங்களுக்கான 80 நகரசபைகள் ஒழிக்கப்பட்டன. நாட்டின் உள்ளாட்சி மன்றங்களின் எண்ணிக்கை 114இலிருந்து 31ஆகக் குறைந்தது. இப்போது இருப்பவை மூன்று வகை:

1. கவுண்டி மன்றங்கள். கில்கென்னி, கிளேர், ரோஸ்காமன் போன்றவை.
2. நகர மன்றங்கள். டப்ளின், கார்க், கால்வே ஆகிய மூன்று மட்டும். இவை தம்மைச் சுற்றியுள்ள கவுண்டி மன்றத்தின் கீழ் வருவதில்லை, அதற்கு இணையானவை.
3. நகரமும் கவுண்டியும் இணைந்த மன்றங்கள். லிமெரிக், வாட்டர்ஃபோர்டு ஆகிய இரண்டும் 2014இல் இவ்வாறு இணைக்கப்பட்டன.

நகர மன்றத்துக்கும் கவுண்டி மன்றத்துக்கும் இடையே மேல், கீழ் என்ற உறவு இல்லை என்பது முக்கியமானது. ஓர் இடம் ஒரே சமயத்தில் இரண்டின் ஆட்சியிலும் இருக்க முடியாது. ஆகவே எல்லை நகரும்போது ஒரு மன்றம் பெறுவதை மற்றொன்று முழுமையாக இழக்கிறது.

வருவாய் எங்கிருந்து வருகிறது

அயர்லாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் ஐரோப்பிய அளவுகோலின்படி அதிகாரம் குறைந்தவை. பள்ளிக் கல்வி, காவல்துறை, மருத்துவமனைகள் எல்லாம் மத்திய அரசின் பொறுப்பு. மன்றங்களின் கையில் இருப்பவை வீட்டுவசதி, உள்ளூர்ச் சாலைகள், கட்டுமானத்துக்கான திட்ட அனுமதி, நூலகம், தீயணைப்பு, பூங்காக்கள் ஆகியவை. இவற்றுக்கான பணம் நான்கு வழிகளில் வருகிறது: அரசு மானியம், சேவைக் கட்டணங்கள், வீடுகள் மீதான உள்ளூர்ச் சொத்து வரி, ‘ரேட்ஸ்’ எனப்படும் வணிகக் கட்டட வரி.

எல்லைத் தகராறுகளின் மையத்தில் இருப்பது இந்த நான்காவது. 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் குடியிருப்பு வீடுகள் மீதான வரியை நீக்குவதாக ஃபியன்னா ஃபாயில் கட்சி வாக்குறுதி தந்தது. வெற்றி பெற்றபின் 1978இல் அதை நிறைவேற்றியது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள், 2013இல் உள்ளூர்ச் சொத்து வரி வரும்வரை, வீடுகள் மீது முழுமையான உள்ளாட்சி வரி எதுவும் இல்லை. மானியத்தை எதிர்பார்த்து நின்ற மன்றங்களுக்குத் தாமே விகிதம் நிர்ணயித்துத் தாமே வசூலிக்கக்கூடிய பெரிய வரியாக எஞ்சியது வணிகக் கட்டட வரி மட்டுமே.

அது கணக்கிடப்படும் முறை எளிது. ஒவ்வொரு கடை, தொழிற்சாலை, கிடங்கு, அலுவலகத்துக்கும் அதன் ஆண்டு வாடகை மதிப்பை ஒட்டி மத்திய அரசின் அமைப்பொன்று ஒரு மதிப்பை நிர்ணயிக்கிறது. அந்த மதிப்பை எந்த எண்ணால் பெருக்குவது என்பதை ஆண்டுதோறும் உள்ளாட்சி மன்றம் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, மதிப்பு 1,00,000 யூரோ என்றும் பெருக்கும் எண் 0.25 என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டு வரி 25,000 யூரோ. பக்கத்து மன்றம் வேறோர் எண்ணைத் தேர்ந்தெடுத்தால், அதே அளவுள்ள கட்டடம் தெருவின் மறுபுறம் வேறு தொகை செலுத்தும். இதைத் தவிர, புதிய கட்டடம் எழும்போது மேம்பாட்டுக் கட்டணமும் மன்றத்துக்கு வருகிறது.

இதன் விளைவு கூர்ந்து பார்க்கத்தக்கது. ஆயிரம் வீடுகளைக் கொண்ட குடியிருப்பு ஒரு மன்றத்துக்குச் செலவையும் ஓரளவு வருவாயையும் தருகிறது. ஒரு பெரிய தொழிற்சாலையோ வணிக வளாகமோ வருவாயை அதிகமாகவும் செலவைக் குறைவாகவும் தருகிறது. நகரத்தின் விளிம்பில், நெடுஞ்சாலைக்கு அருகே, நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தான் அவை எழுகின்றன. அந்த விளிம்பு பெரும்பாலும் அண்டை மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது.

ஃபெர்ரிபேங்க் வணிக வளாகம்

மேலே சொன்னது வெறும் கோட்பாடாகத் தோன்றலாம். ஃபெர்ரிபேங்கில் அதைக் கண்ணால் பார்க்க முடியும். பொருளாதாரம் கொழித்த ஆண்டுகளில், கில்கென்னி கவுண்டி மன்றத்தின் எல்லைக்குள், ஆனால் முழுக்க முழுக்க வாட்டர்ஃபோர்டு வாடிக்கையாளர்களை நம்பி, அங்கே ஒரு பெரிய வணிக வளாகம் கட்டப்பட்டது. 2008ஐ ஒட்டிக் கட்டுமானம் முடிந்த வேளையில் வங்கிகள் சரிந்தன, கடைகள் வரவில்லை. வளாகம் பல ஆண்டுகள் ஏறக்குறைய முழுவதும் காலியாகவே நின்றது. கில்கென்னி மன்றம் தன் நூலகக் கிளையையும் அலுவலகத்தையும் அங்கே வைத்துக்கொண்டது.

ஆற்றின் தென்கரையில் பழைய நகர மையத்தின் கடைத்தெருக்களைக் காப்பாற்ற வாட்டர்ஃபோர்டு முயன்றுகொண்டிருந்தது. வடகரையில் அதே வாடிக்கையாளருக்குப் போட்டியாக இன்னொரு மையத்துக்கு வேறொரு மன்றம் அனுமதி தந்தது. இரண்டு மன்றங்களும் தத்தம் எல்லைக்குள் சட்டப்படி சரியாகவே நடந்துகொண்டன. நகரத்தை ஒரே நகரமாகப் பார்க்கும் பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை. எல்லை விரிவாக்கம் கோருவோர் முன்வைக்கும் வாதங்களில் ஆக வலுவானது இதுதான் என்பது என் கருத்து. மற்றவை எல்லாம் இதற்குத் துணை நிற்பவை.

வாட்டர்ஃபோர்டு தரப்பின் பிற வாதங்கள் சுருக்கமாக:

1. மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நகரத்தையும் புறநகரையும் சேர்த்து ஒரே நகரமாகத்தான் எண்ணுகிறது. 2016இல் 53,504 என்றும், 2022இல் 60,079 என்றும் காட்டப்பட்ட எண்ணிக்கைகளில் கில்கென்னி எல்லைக்குள் வாழ்வோரும் அடக்கம்.
2. 2018இல் வெளியான தேசியத் திட்டச் சட்டகம், டப்ளின் அல்லாத நான்கு நகரங்களும் 2040க்குள் குறைந்தது 50 முதல் 60 விழுக்காடு வளர வேண்டும் என்று இலக்கு வைத்தது. வாட்டர்ஃபோர்டு தெற்கே மட்டும் வளர்ந்தால் ஆற்றங்கரை மையம் நகரின் ஓரமாகிவிடும். இரு கரையிலும் வளர்ந்தால்தான் மையம் மையமாக இருக்கும்.
3. நடைமுறையில் எல்லை ஏற்கெனவே பல வகையில் கடக்கப்பட்டுவிட்டது. தென் கில்கென்னியின் தொலைபேசிக் குறியீடு வாட்டர்ஃபோர்டின் 051. 2015இல் வந்த அஞ்சல் குறியீட்டு முறையிலும் அப்பகுதி வாட்டர்ஃபோர்டுக்குரிய எக்ஸ் 91 பிரிவில் வருகிறது.

கில்கென்னியின் மறுப்பும் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. 2016இல் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை ஏறத்தாழ 99,000. மாறவிருந்தோர் அதில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. ஆனால் வருங்கால வணிகக் கட்டட வரியில் தென் கில்கென்னியின் இடம் அதைவிடப் பெரிது. துறைமுகத்தை ஒட்டிய பெல்வியூ பகுதியில் 2015இல் கிளான்பியா நிறுவனத்தின் பெரிய பால்பொருள் ஆலை திறக்கப்பட்டது ஒரு சான்று. அப்பகுதிக்கான சாலைகளிலும் பிற அடிப்படை வசதிகளிலும் பல ஆண்டுகள் முதலிட்ட மன்றம், அறுவடைக் காலத்தில் நிலத்தை விட்டுக்கொடு என்று கேட்கப்படுவதை எதிர்த்ததில் வியப்பில்லை. நகரத்துக்குத் தேவை ஒருங்கிணைந்த திட்டமிடல்தான் என்றால் அதற்கு எல்லையை மாற்ற வேண்டிய அவசியம் என்ன என்பது அவர்களின் இன்னொரு கேள்வி. கேள்வி நியாயமானது. வணிக வளாகத்தின் கதையை வைத்துப் பார்த்தால் அதைக் கேட்கும் தகுதி கில்கென்னி மன்றத்துக்கு எவ்வளவு இருந்தது என்பது வேறு விஷயம்.

முடிவெடுப்பவர் யார்

எல்லை மாற்றத்துக்கு வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அயர்லாந்துச் சட்டம் கூறவில்லை. 1991ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் வகுத்த வழியில், சுதந்திரமான எல்லைக் குழு ஒன்றை அமைச்சர் நியமிக்கலாம். குழு இரு மன்றங்களையும் கேட்கும். பொதுமக்களிடமிருந்து எழுத்து வடிவில் கருத்துகளைப் பெறும். பின்னர் பரிந்துரை செய்யும். அந்தப் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது. எல்லையை உண்மையில் மாற்றுவது அதற்குப் பின் டப்ளினில் எடுக்கப்படும் அரசியல் முடிவு.

2015இல் அப்போதைய அமைச்சர் ஆலன் கெல்லி, அண்டைக் கவுண்டிக்குள் பரவிய நான்கு நகரங்களுக்கு இத்தகைய குழுக்களை அமைத்தார்:

1. கில்கென்னிக்குள் பரவிய வாட்டர்ஃபோர்டு.
2. ரோஸ்காமனுக்குள் பரவிய அத்லோன். இந்நகரம் வெஸ்ட்மீத் கவுண்டியின் நிர்வாகத்தில் உள்ளது. ஷானன் ஆற்றுக்கு மேற்கே உள்ள மங்க்ஸ்லேண்டு தொழில் பகுதி ரோஸ்காமனுடையது.
3. லீஷ் கவுண்டிக்குள் பரவிய கார்லோ.
4. மீத் கவுண்டிக்குள் பரவிய ட்ரொஹெடா. இது லவுத் கவுண்டியின் நகரம்.

அறிவிப்பு வந்த உடனேயே ரோஸ்காமனிலும் கில்கென்னியிலும் கூட்டங்கள் நடந்தன. ஆயிரக்கணக்கான கருத்துகள் குழுக்களுக்குச் சென்று குவிந்தன. அவற்றில் மிகப் பெரும்பான்மையானவை மாற்றத்தை எதிர்த்தவை. நான்கு குழுக்களில் நில மாற்றத்தை முன்மொழிந்ததாகப் பெரிதும் பேசப்பட்டது வாட்டர்ஃபோர்டு குழு ஒன்றே. அதுவும் அலமாரியில் தங்கிவிட்டது. 2017 நடுவில் உள்ளாட்சித் துறைக்கு இணையமைச்சராகப் பொறுப்பேற்ற ஜான் பால் ஃபெலன், கார்லோ–கில்கென்னி தொகுதியின் உறுப்பினர். அதிலும் தென் கில்கென்னியைச் சேர்ந்தவர். இந்த ஒரு தகவலை வைத்து முழு முடிவையும் விளக்கிவிட முடியாது என்றாலும், அது எத்தகைய அரசியல் சூழல் என்பதை இது காட்டுகிறது.

கார்க்: நீண்ட பேரம், பெரிய மாற்றம்

கார்க் நகரின் எல்லை கடைசியாக விரிக்கப்பட்டது 1965இல். அதன்பின் அரை நூற்றாண்டு காலம் நகரம் வெளியே வளர்ந்தது, எல்லை மட்டும் நின்றது. 2016 கணக்கெடுப்பில் நகர மன்றத்தின் எல்லைக்குள் இருந்தோர் ஏறத்தாழ 1,25,000. நகரத்தையும் ஒட்டிய புறநகரையும் சேர்த்தால் 2,08,000க்கு மேல். அதாவது நகரவாசிகளில் பத்தில் நான்கு பேர் கவுண்டி மன்றத்தின் குடிமக்கள்.

தீர்வுக்கான பாதை நேரானதாக இருக்கவில்லை. அதைப் படிப்படியாகப் பார்ப்பது பயனுள்ளது:

1. 2015 செப்டம்பரில், ஆல்ஃப் ஸ்மிடி தலைமையிலான குழு, நகர மன்றத்தையும் கவுண்டி மன்றத்தையும் ஒன்றாக இணைக்கும்படி 3க்கு 2 என்ற வாக்கில் பரிந்துரைத்தது. மாறுபட்ட இருவரும் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் அறிஞர்கள். நகரத்துக்குத் தனி மன்றம் வேண்டும், எல்லையை விரிக்க வேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர். அமைச்சர் இணைப்பை ஏற்றார். நகர மன்றம் கொந்தளித்தது.
2. 2016இல் ஆட்சி மாறியபின், கார்க்கைச் சேர்ந்த சைமன் கோவனி அமைச்சரானார். ஸ்காட்லாந்தின் முன்னாள் தலைமைத் திட்ட அதிகாரி ஜிம் மெக்கினன் தலைமையில் புதிய வல்லுநர் குழு அமைந்தது. 2017இல் அது இணைப்பை நிராகரித்து, எல்லையைத் தாராளமாக விரிக்கச் சொன்னது. லிட்டில் ஐலண்டு, காரிக்டூஹில் போன்ற தொழில் பகுதிகளும் அதில் அடங்கின.
3. இப்போது கொந்தளித்தது கவுண்டி மன்றம். லிட்டில் ஐலண்டில் உள்ள மருந்து, இரசாயன ஆலைகள் கவுண்டியின் வரி வருவாய்க்கு இன்றியமையாதவை.
4. நடைமுறைப்படுத்தும் மேற்பார்வைக் குழு ஒன்று இரு தரப்போடும் பேசி, 2017 இறுதியில் சுருக்கிய எல்லை ஒன்றை வரைந்தது. பாலின்காலிக், பிளார்னி, கிளான்மயர், ரோச்ஸ்டவுன் ஆகியவையும் கார்க் விமான நிலையமும் நகரத்துக்கு வந்தன. லிட்டில் ஐலண்டும் காரிக்டூஹில்லும் கவுண்டியிலேயே நின்றன.
5. 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வருவாய் இழப்புக்கு ஈடாக நகர மன்றம் கவுண்டி மன்றத்துக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்த அச்சட்டம் வழிசெய்தது.

இடம் மாறியவை பெரும்பாலும் வீடுகள், மாறாமல் நின்றவை பெரிய ஆலைகள் என்பதை மூன்றாவது, நான்காவது படிகளை ஒப்பிட்டால் காணலாம். மெக்கினன் குழுவின் எல்லை நகரத் திட்டமிடலின் நோக்கில் சிறந்ததா, பேரத்தின் எல்லை சிறந்ததா என்று கேட்டால் முன்னதுதான் சிறந்தது என்பேன். ஆனால் நிறைவேறியது பின்னதே. 187 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரிந்த கார்க் நகரின் மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,24,000.

ஒரே பெயரில் இரண்டு வகை எல்லைகள்

கார்க்கிலும் பணச் சண்டை, வாட்டர்ஃபோர்டிலும் பணச் சண்டை. இரண்டிலும் அண்டை மன்றம் எதிர்த்தது. கார்க்கில் இழப்பு பல மடங்கு பெரிது. அப்படியிருந்தும் முடிவு தலைகீழாக வந்ததற்கு முதன்மையான காரணம், இவை இரண்டும் ஒரே வகை எல்லைகள் அல்ல என்பதே.

கார்க் நகரத்திலிருந்து எல்லையைத் தாண்டி வெளியே போனாலும் நாம் இருப்பது கார்க்கில்தான். பாலின்காலிக்கில் வாழ்பவர் நேற்றுக் கவுண்டி மன்றத்துக்கு வாக்களித்தார், இன்று நகர மன்றத்துக்கு வாக்களிக்கிறார். அவர் கார்க்காரர் என்பதில் மாற்றமில்லை. ஃபெர்ரிபேங்கில் எல்லை நகர்ந்தால், கில்கென்னிக்காரர் ஒருவர் வாட்டர்ஃபோர்டுக்காரர் ஆகிவிடுவதாக உணரப்படுகிறது.

இந்த வேறுபாட்டை மக்களின் உணர்வு மட்டுமல்ல, சட்டமே அங்கீகரிக்கிறது. நாடாளுமன்றத் தொகுதிகளை வரையும்போது கவுண்டி எல்லைகளை உடைப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பது விதி. அதே விதி, ஒரு நகரத்தின் எல்லை இந்தக் கட்டுப்பாட்டில் சேராது என்றும் சொல்கிறது. ஆகவே கார்க் நகர எல்லை எங்கே நகர்ந்தாலும் தொகுதி வரைபடத்தை அது கட்டாயமாகப் பாதிக்காது. கில்கென்னி–வாட்டர்ஃபோர்டு எல்லை நகர்ந்தால், அங்குள்ள சில ஆயிரம் வாக்காளர்கள் அடுத்த தொகுதிச் சீரமைப்பில் வேறு தொகுதிக்குப் போகக்கூடும். எல்லையைத் தீர்மானிக்கும் அவையில் அமர்ந்திருப்போருக்கு இது சிறிய விஷயமல்ல.

பழைய வரலாறும் இதையே காட்டுகிறது. டப்ளினில் 19ஆம் நூற்றாண்டின் வசதி படைத்தோர் நகரத்தின் வரிச்சுமையிலிருந்து விலகி, எல்லைக்கு வெளியே ராத்மைன்ஸ், பெம்புரோக் போன்ற தனி நகரியங்களை அமைத்துக்கொண்டனர்; ஏழைகளைப் பராமரிக்கும் செலவு நகரத்தின் தலையில் விழுந்தது. குளோன்டார்ஃப், டிரம்கோண்ட்ரா ஆகியவற்றை 1900இல் டப்ளின் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ராத்மைன்ஸும் பெம்புரோக்கும் 1930 வரை தாக்குப்பிடித்தன. கடும் சண்டைகள்தாம், ஆனால் அனைத்தும் டப்ளின் கவுண்டிக்குள் நடந்தவை, இறுதியில் முடிந்தவை.

லிமெரிக்கில் இரு வகைகளையும் அருகருகே காணலாம். அந்நகரின் பெரிய வணிக வளாகம் டூராடாயிலில், அதாவது அன்றைய கவுண்டி மன்றத்தின் எல்லைக்குள் வளர்ந்து, நகர மையத்தை வெறுமையாக்கியது. 2008இல் லிமெரிக் கவுண்டியிலிருந்து வடக்கே ஒரு பகுதி நகரத்துக்கு வந்தது. 2014இல் நகரமும் கவுண்டியும் முழுமையாக இணைந்தன. கிளேர் கவுண்டிக்குள் இருக்கும் வெஸ்ட்பரி, ஷானன்பேங்க்ஸ் குடியிருப்புகளையும் சேர்க்கும் யோசனை மட்டும் கைவிடப்பட்டது. லிமெரிக் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஷானன் ஆற்றின் இரு கரைகளிலும் பரவியிருக்கிறது. வடகரைக் கட்டடங்கள் இன்றும் கிளேரில்தான் உள்ளன.

விளையாட்டுச் சட்டையும் 1898ஆம் ஆண்டும்

கவுண்டி அடையாளம் இவ்வளவு உறுதியாக இருப்பதற்குக் கேலிக் விளையாட்டுச் சங்கம் முக்கியக் காரணம். 1884இல் தொடங்கப்பட்ட இச்சங்கத்தின் ஹர்லிங் (மட்டையும் பந்தும் கொண்டு ஆடுவது), கேலிக் கால்பந்துப் போட்டிகள் கவுண்டி அணிகளுக்கு இடையே நடப்பவை. வீரர்களுக்குச் சம்பளம் இல்லை. ஊர்க் கழகத்தில் ஆடுபவர் தன் கவுண்டிக்கு ஆடுகிறார். ஹர்லிங்கில் அகில அயர்லாந்துக் கோப்பையை மிக அதிகமுறை வென்ற கவுண்டி கில்கென்னி. அதன் கறுப்பு–மஞ்சள் சட்டையை ‘இழக்கப் போகிறோம்’ என்ற அச்சம், எந்த வரிக் கணக்கையும்விட வேகமாகப் பரவக்கூடியது.

அந்த அச்சம் ஆதாரமற்றது என்பதற்கு அயர்லாந்தின் வரலாறே சாட்சி. விளையாட்டுச் சங்கம் தன் எல்லைகளைத் தானே வைத்துக்கொள்கிறது; அரசு எல்லையை மாற்றினால் அது மாற வேண்டிய கட்டாயம் இல்லை. பாலஹடரீன் என்ற ஊர் 1898ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் மேயோ கவுண்டியிலிருந்து ரோஸ்காமனுக்கு மாற்றப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வூரின் கழகம் மேயோவுக்காகவே ஆடுகிறது.

அதே சட்டம் ஷூர் ஆற்றங்கரையிலும் வேலை செய்தது. ஃபெர்ரிபேங்கை உள்ளடக்கிய கில்கல்லிஹீன் என்ற பகுதி முன்னர் வாட்டர்ஃபோர்டுடன் இருந்தது. 1898இன் மாற்றத்தில்தான் அது கில்கென்னிக்குச் சென்றது. ஃபெர்ரிபேங்கின் விளையாட்டுக் கழகம் இன்றும் வாட்டர்ஃபோர்டு கழகமே. தொன்றுதொட்டு வந்த எல்லையைக் காப்பதாகச் சொல்லி நடந்த போராட்டத்தில் இந்தச் செய்தி அதிகம் பேசப்படவில்லை. எனினும், உணர்வின் வயது ஆவணத்தின் வயதைச் சார்ந்ததல்ல; நான்கு தலைமுறைகளாகக் கில்கென்னிக்காரராக வாழ்ந்தவரிடம் உங்கள் எல்லை புதியது என்று சொல்வதால் எதுவும் மாறாது.

குடியிருப்பவருக்கு என்ன மாறும்

இத்தகைய மாற்றத்தின்போது மிகுதியான குழப்பம் இந்தக் கேள்வியில்தான்.

மாறுபவை:

1. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் மன்றம்.
2. திட்ட அனுமதி தரும் அலுவலகம், வளர்ச்சித் திட்டம்.
3. மன்றம் வாடகைக்கு வழங்கும் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல்.
4. உள்ளூர்ச் சொத்து வரி. அடிப்படை விகிதத்தைக் குறிப்பிட்ட வரம்புக்குள் கூட்டவோ குறைக்கவோ ஒவ்வொரு மன்றத்துக்கும் உரிமை உண்டு.
5. கடைக்காரராயின், வணிகக் கட்டட வரியைப் பெருக்கும் எண்.

தானாக மாறாதவை: பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனை, அஞ்சல் குறியீடு, திருச்சபைப் பங்கு, விளையாட்டுக் கழகம். இந்த இரண்டாம் பட்டியலை வெளிப்படையாக முன்கூட்டியே விளக்கியிருந்தால் 2015 முதல் 2017 வரை எழுந்த எதிர்ப்பில் ஒரு பகுதியாவது தணிந்திருக்கக்கூடும். முழுவதும் தணிந்திருக்காது, ஏனெனில் தங்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை என்ற புகாருக்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை.

எல்லையை நகர்த்தாத வழி

வாட்டர்ஃபோர்டு அறிக்கை கைவிடப்பட்டபின் அரசு தேர்ந்தெடுத்த பாதை, எல்லையை விட்டுவிட்டுத் திட்டத்தை மட்டும் இணைப்பது. தென் மண்டலத்துக்கான 2020ஆம் ஆண்டு வளர்ச்சி உத்தியில் கார்க், லிமெரிக், வாட்டர்ஃபோர்டு ஆகிய மூன்றுக்கும் பெருநகரப் பகுதித் திட்டங்கள் உள்ளன. வாட்டர்ஃபோர்டுக்கான திட்டம் ஆற்றின் இரு கரைகளையும் ஒரே நகரப் பகுதியாகக் கொண்டு இலக்குகளை வகுக்கிறது; லிமெரிக்கின் திட்டம் கிளேருக்குள் இருக்கும் பகுதிகளையும் சேர்த்துக்கொள்கிறது. இரு பக்கத்து மன்றங்களின் வளர்ச்சித் திட்டங்களும் இதற்கு இசைவாக இருக்க வேண்டும்.

இதன் வலிமை, எவருடைய அடையாளத்தையும் தொடாமல் இன்னொரு காலி வணிக வளாகம் எழுவதைத் தடுக்க முடியும் என்பது. இதன் குறை, வருவாய்க் கணக்கை இது தொடவில்லை என்பது. பெல்வியூவில் எழும் அடுத்த ஆலையின் வரி முழுவதும் கில்கென்னிக்கே போகும். அங்கே வேலை செய்பவர் வாட்டர்ஃபோர்டில் குடியிருந்தால் அவருக்கான வீட்டுவசதி, நூலகம், தெருக்களின் செலவு வாட்டர்ஃபோர்டுடையது. கார்க்கில் எல்லை நகர்ந்ததோடு ஆண்டுத் தொகை ஒன்றும் கைமாறியது. எல்லை நகராத இடத்தில் அதே போன்ற வரிப் பகிர்வை இரு மன்றங்களும் உடன்பாட்டால் செய்துகொள்ளலாம். வடகரையின் புதிய வணிகக் கட்டடங்களின் வரியில் ஒரு பங்கை நகரத்துக்கு ஒதுக்குவது அதற்கு ஒரு வடிவம். இப்படியொரு ஏற்பாடு இல்லாதவரை, அடுத்த பெரிய முதலீடு எந்தக் கரையில் வருகிறது என்பதைப் பொறுத்து, வாட்டர்ஃபோர்டு மீண்டும் எல்லைக் குழுவைக் கேட்பதற்கும் கில்கென்னி மீண்டும் எதிர்ப்பதற்கும் எல்லாக் காரணங்களும் அப்படியே இருக்கின்றன.